காலி நாற்காலிக்குக் கணக்குக் கேட்போம்



சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு. இஷாத் தொழுகை முடித்து மக்தபின் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். என்னிடம் குர்ஆன் ஓதும் சிறுவன் ஒருவன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "ஹஜ்ரத், நன்னிம்மாவுக்கு மூச்சு விட முடியல" என்றான். அவனுடைய தந்தை வளைகுடாவில் இருக்கிறார். வீட்டில் ஆண் என்று இருப்பவன் அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை மட்டுமே. தெருவிலிருந்த நான்கு இளைஞர்களைத் திரட்டிக்கொண்டு, அந்த மூதாட்டியை நாற்காலியோடு தூக்கித் தோணியில் ஏற்றினோம். தோணியைச் செலுத்தியவர் பக்கத்துக் குப்பத்து மீனவ அண்ணன். மறுநாள் விடியலில் கடலுக்குப் போகவேண்டிய மனிதர், பாதித் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். கரையேறி, வண்டி பிடித்து, ஓர் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கட்டடம் இருந்தது. விளக்கு எரிந்தது. மருத்துவர் அறையில் நாற்காலி இருந்தது. அதில் ஆள் இல்லை. உள்ளே ஒரே ஒரு செவிலியர். பிரசவ அறையில் ஒரு பெண் வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் காய்ச்சலில் கொதிக்கும் குழந்தையோடு ஒரு தாய். கெளுத்தி முள் குத்தி வீங்கிய கையைப் பிடித்தபடி ஒரு மீனவர். அத்தனை பேருக்கும் அந்த ஒருவர்தான். எங்களைப் பார்த்ததும், "கொஞ்சம் இருங்க, உள்ள ஒரு கேஸ் இருக்கு" என்றார். அவ்வளவுதான்! எங்கள் இளைஞர்கள் கத்தத் தொடங்கினார்கள். நானும் கத்தினேன். பத்தொன்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு நற்குணத்தைப் போதிக்கும் நான், ஒரு பெண்ணை நோக்கி, "சம்பளம் வாங்கவில்லையா நீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. ஆக்சிஜன் வைத்தார். நெபுலைசர் மருந்து கொடுத்தார். மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து அவர் சொன்னதைச் செய்தார். 108 வண்டிக்குத் தகவல் சொன்னார். நடுநடுவே பிரசவ அறைக்கு ஓடினார். அல்ஹம்துலில்லாஹ், அந்த மூதாட்டி பிழைத்துக்கொண்டார். அவர் பிழைத்ததற்கு வெளிப்படையான காரணம், நான் ஏசிய அந்தப் பெண்.

அந்த வாரமே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று போனேன். அவர் அங்கே இல்லை. வேறோர் ஊருக்கு "மாற்றுப் பணி"யில் அனுப்பிவிட்டார்களாம். அவருடைய இடத்துக்கு யார் வந்தார் என்று கேட்டேன். யாரும் வரவில்லை.

அது எந்த மருத்துவமனை என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அந்தப் பழி, அங்கே இன்றிரவு தனியாக நிற்கப் போகும் அடுத்த செவிலியரின் தலையில்தான் விழும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்: பணிக்கு வந்தவரை நாம் ஏசுகிறோம், ஆள் போடப்படாத இடத்தைப் பற்றி எவரிடமும் கேட்பதில்லை. நம் கோபம் நியாயமானது. அது போய்ச் சேரும் முகவரி தவறானது.

தண்ணீர் கடந்து வருகிறவர்களின் கேள்வி

பசியாவரம், ரஹ்மத் நகர், இடமணி போன்ற ஊர்களைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சில வரிகள். பழவேற்காடு ஏரியின் நீர் சூழ்ந்த ஊர்கள் இவை. அரிசிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவத்துக்கும் தண்ணீர் கடந்து போவதே எங்கள் தலைமுறைகளின் வாழ்க்கை. அந்தத் தண்ணீரின் குணத்தை நாங்கள் அறிவோம். 2011 டிசம்பர் 25 அன்று இதே ஏரியில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 உயிர்கள் போனதை எங்கள் கரை இன்னும் மறக்கவில்லை. கரையேறினால் பொன்னேரி இருபது கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. சென்னை ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர்.

எங்கள் தொழிலும் உடலைப் பதம் பார்க்கும் தொழில். திருக்கை முள் குத்தும். சிப்பி ஓடு பாதத்தைக் கிழிக்கும். பெண்கள் மணிக்கணக்காக நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அவர்களின் விரலிடுக்குகள் புண்ணாகாத நாளில்லை. வரப்பிலும் புதரிலும் பாம்பு உண்டு. பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து அலமாரியில் இருந்தால் மட்டும் போதாது. அதை ஏற்றும்போது சிலருக்கு உடல் ஒவ்வாமை கண்டு உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே பக்கத்தில் நின்று பார்க்க மருத்துவர் வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் மருந்து இருந்தும் இல்லாததே.

நெடுங்காலமாக நாங்கள் பாலம் கேட்டோம். கேட்டது சரி. ஆனால் அக்கரையில் மருத்துவர் இல்லையென்றால் பாலம் நம்மை எங்கே கொண்டு போய்ச் சேர்க்கும்? பாலத்தைக் கண்ணால் காணலாம். திறப்பு விழா நடத்தலாம். கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம். இரவு இரண்டு மணிக்கு ஒரு செவிலியர் விழித்திருப்பதற்குக் கல்வெட்டு இல்லை. ஆகவேதான் கட்டடங்கள் எழுகின்றன. நாற்காலிகள் காலியாக இருக்கின்றன.

ஒரு நாற்காலிக்கு எத்தனை பேர்?

மக்தபில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு எளிய கணக்கு இது. ஒரு நாளுக்கு 24 மணி நேரம். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரத்துக்கு 48 மணி நேரம் உழைத்தால், ஒரே ஒரு செவிலியர் நாற்காலியை வாரம் முழுவதும் ஆள் இருக்கும்படி வைத்திருக்க மூன்றரைப் பேர் வேண்டும். காய்ச்சல், பண்டிகை, பயிற்சி, வீட்டில் ஒரு மரணம் என விடுப்புகளைச் சேர்த்தால் நான்கு, ஐந்து பேர் வேண்டும். பிரசவ அறைக்கு ஒருவர், பொது நோயாளிகளுக்கு ஒருவர் என்று இரண்டு நாற்காலி போட்டால் எட்டுப் பேருக்குக் குறையாது.

தமிழகத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இரவும் பகலும் இயங்குவதற்கு மூன்று செவிலியர்கள் என்பதே நெடுங்காலம் அளவுகோலாக இருந்து வந்தது. மூன்று பேரும் ஒருநாள்கூட நோயுறாமல் இருந்தாலும் கணக்கு உதைக்கிறது. அவர்களில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் போகிறார் என்று வையுங்கள். 2021 முதல் தமிழக அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 12 மாத மகப்பேறு விடுப்பு தருகிறது. மிக நல்ல செயல். தாய்மைக்குச் செய்யும் மரியாதை. ஆனால் அந்த ஓராண்டுக்கு அவருடைய இடத்தில் இன்னொருவரை அமர்த்தாவிட்டால், ஒரு தாய்க்குக் கொடுத்த ஓய்வை நூறு தாய்மார்களின் பிரசவ அறையிலிருந்து எடுக்கிறோம் என்றுதானே பொருள்?

இந்தியா முழுவதும் இந்த நோய் இருக்கிறது. 2021-22ஆம் ஆண்டு ஊரகச் சுகாதாரப் புள்ளிவிவரத்தின்படி, நாட்டின் ஊரகச் சமுதாய சுகாதார மையங்களில் தேவைப்படும் சிறப்பு மருத்துவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் இல்லை. அறுவை சிகிச்சை, பொது மருத்துவம், மகப்பேறு, குழந்தை நலம் என நான்கு வல்லுநர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர் இருந்தாலே பெரிது என்ற நிலை.

"தமிழ்நாடு அப்படியில்லை" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், இந்த மண்ணின் மருத்துவக் கட்டமைப்பு பல மாநிலங்களைவிட மேலானது. அதை மறுப்பது நன்றிகெட்ட செயல். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையிலேயே நடக்கின்றன. ஆனால் அந்த எண்ணின் மறுபக்கத்தையும் பாருங்கள். வீட்டில் பிரசவம் வேண்டாம், மருத்துவமனைக்கு வாருங்கள் என்று அரசு சொன்னது. நம் பெண்கள் வந்தார்கள். பாட்டி சொன்னதை மீறி, மாமியார் சொன்னதை மீறி, நள்ளிரவில் தோணியேறி வந்தார்கள். அவர்கள் தங்கள் பங்கை நிறைவேற்றிவிட்டார்கள். வரச் சொன்னவர் அங்கே இருக்க வேண்டுமா, இல்லையா?

இருப்பவர்களையும் எப்படி வைத்திருக்கிறோம்? 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தி ஆயிரக்கணக்கான செவிலியரைப் பணியமர்த்தியது. தேர்வெழுதி வென்ற அவர்களுக்கு ஒப்பந்தப் பணி. மாதம் 7,700 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு அமர்ந்ததை நீங்கள் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். கொரோனா நாட்களில், பெற்ற பிள்ளையே மையித்தைத் தொட அஞ்சிய வேளையில், நம் உறவுகளின் கையைப் பிடித்திருந்தவர்கள் ஒப்பந்தச் செவிலியர்கள். அவர்களில் 2,000க்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31 அன்று நீட்டிக்கப்படாமல் முடிந்தது. கூலியாளின் வியர்வை உலருமுன் அவனுடைய கூலியைக் கொடுத்துவிடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அந்தச் செய்தியைப் படித்த அன்று நம் மிம்பர்களில் எத்தனை இதைப் பற்றிப் பேசின? நான் பேசவில்லை. என்னையும் சேர்த்தே கேட்கிறேன்.

சபூர் என்பது மௌனமா?

இனி நம் வீட்டுக்குள் வருவோம்.

இதைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் பெரியவர்கள் சிலர் சொல்லும் முதல் சொல், "சபூர் செய்யுங்கள் ஹஜ்ரத், எல்லாம் தக்தீர்." இந்தச் சொல்லை இவ்வளவு மலிவாகச் செலவிட எவருக்கும் உரிமை இல்லை.

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்கலாமா என்று கேட்ட மனிதருக்கு, முதலில் அதைக் கட்டு, பிறகு நம்பிக்கை வை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதைத் திர்மிதியில் காண்கிறோம். நோயைப் பொறுத்தவரை இன்னும் நேரடியான சான்று இருக்கிறது. உமர் (ரலி) அவர்கள் சிரியா நோக்கிப் பயணமாகி ஸர்க் என்ற இடத்தை அடைந்தபோது, முன்னே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. தோழர்களோடு கலந்தாலோசித்துத் திரும்பிவிட முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதியை நோக்கியே போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) விடையளித்தார்கள். புகாரியில் இடம்பெற்ற இந்நிகழ்வை அறிந்த நாம், காலியான மருத்துவர் நாற்காலியைத் தக்தீர் என்று எப்படிச் சொல்வோம்? அந்த நாற்காலியைக் காலியாக வைத்தது ஓர் அலுவலகத்தின் கோப்பு. கோப்பைத் தக்தீரின் கணக்கில் எழுதாதீர்கள்.

நோய் வந்தபின் மனம் தளராமல் இருப்பது சபூர். அண்டை வீட்டாரின் பிள்ளைக்கு மருத்துவம் கிடைக்காதபோது வாய்மூடி இருப்பதற்குச் சபூர் என்று பெயரில்லை. பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் தம் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்பது நபிமொழி. விசாரணை மறுமையில் உண்டு என்பதற்காக இம்மையில் கேட்கக் கூடாது என்று எவரும் சொல்லவில்லை. கலீஃபா உமரையே எழுந்து நின்று கேட்ட சமுதாயம் இது!

அடுத்த கூட்டத்தார் வசதி படைத்தவர்கள். "கவர்மெண்ட் ஆஸ்பத்திரி அப்படித்தான். நாங்கள் பிரைவேட்டுக்குப் போய்விடுகிறோம்" என்பார்கள். போங்கள், உங்கள் பணம், உங்கள் உயிர். ஆனால் உங்களோடு என்ன போகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர், அதிகாரியிடம் அமர்ந்து பேசக்கூடியவர், பத்திரிகையாளரை அறிந்தவர் எல்லோரும் போனபின், அரசு மருத்துவமனையின் வரிசையில் நிற்பவர் கேள்வி கேட்க அஞ்சும் ஏழை மட்டுமே. கேட்பாரற்ற இடத்தில் எந்தப் பணியிடம் நிரம்பும்?

வசதியற்றவரும் தனியாரிடம் ஓடத்தான் செய்கிறார். எப்படி ஓடுகிறார்? நகையை அடகு வைத்து. வாரவட்டிக்கு வாங்கி. வட்டி ஹராம் என்று வெள்ளிக்கிழமை தோறும் நாம் பயான் செய்கிறோம். நம் தெருவில் ஒரு குடும்பம் வட்டியின் வாசலை மிதிப்பது பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காக: ஒன்று திருமணம், மற்றொன்று மருத்துவம். திருமணச் செலவைக் குறைக்கச் சொல்லிப் பேசலாம். மூச்சுத் திணறும் தாயைப் பார்த்து மகனிடம் என்ன சொல்வீர்கள்? அரசு மருத்துவமனையில் இரவில் மருத்துவர் இருப்பதைப் பற்றிப் பேசாமல் வட்டியைப் பற்றி மட்டும் பேசும் பயான் பாதி பயான்தான்.

வந்தவர் மீது பாயும் கோபம்

மூன்றாவது கூட்டம் எங்கள் இளைஞர்கள். "ரெண்டு தட்டு தட்டினால்தான் திருந்துவார்கள்" என்பது அவர்கள் கட்சி.

2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர்சிறப்பு மருத்துவமனையில், பணியிலிருந்த புற்றுநோய் மருத்துவர் பாலாஜி ஜெகந்நாதனை ஒரு நோயாளியின் மகன் கத்தியால் குத்தினான். தாயின் நோயால் அவன் நொந்துபோயிருந்தான் என்றார்கள். அந்த நோவை நான் மறுக்கவில்லை. அன்றிரவு என் தொண்டையிலும் அதே நோவுதான் கூச்சலாக வெளிவந்தது. ஆனால் அந்தக் கத்தியால் எந்தத் தாய்க்கு நலம் கிடைத்தது? மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்று வரிசையில் நின்ற ஏழைகள் திரும்பிப் போனார்கள்.

மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராக 2008லேயே தமிழகத்தில் தனிச் சட்டம் உண்டு. சட்டத்தை விடுங்கள், நம் சொந்த நலனைப் பார்ப்போம். தண்ணீர் சூழ்ந்த ஊர்களுக்கு அருகே பணிபுரிய எவரும் எளிதில் முன்வருவதில்லை. தங்க நல்ல வீடில்லை. பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி இல்லை. இரவில் பேருந்து இல்லை. அதையும் மீறி வருகிற ஒருவரை நாம் ஏசி விரட்டினால், அடுத்த கலந்தாய்வில் நம் ஊரின் பெயரைப் பார்த்ததும் அவர் என்ன செய்வார்? நம் கூச்சல் ஒவ்வொன்றும் இன்னொரு நாற்காலியைக் காலி செய்கிறது.

செவிலியர் எல்லோரும் குறையற்றவர் என்று நான் சொல்லவில்லை. பிரசவ வலியில் கதறும் பெண்ணை இழிசொல்லால் பேசுபவர் இருக்கிறார். வாசலில் கையேந்தும் பணியாளர் இருக்கிறார். பெயரையும் உடையையும் பார்த்து முகம் சுளிப்பவரும் இருக்கிறார். அவற்றையெல்லாம் எழுத்தில், தேதியோடு, உரிய அதிகாரியிடம் முறையிட வேண்டும். ஆனால் தனி ஒருவராய் முப்பது பேரைப் பார்க்கும் பெண்ணின் குரல் உயர்வதையும், வேலையே செய்யாதவரின் திமிரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அளவையில் குறைசெய்வோரைக் குர்ஆன் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை நாம் அறிவோம். தீர்ப்பும் ஓர் அளவைதான்.

பெண் மருத்துவர் வேண்டும். மகள் செவிலியராக வேண்டாம்

இந்தப் பகுதி சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் சொல்ல வேண்டும்.

நம் பெண்களுக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்கிறோம். பிரசவ அறையில் ஆண் நிழல் படக்கூடாது என்கிறோம். ஹிஜாபைப் புரிந்துகொள்ளும் செவிலியர் வேண்டும் என்கிறோம். எல்லாம் நியாயமான கோரிக்கை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய நம் மகள், "செவிலியர் படிப்புப் படிக்கிறேன்" என்றால் என்ன சொல்கிறோம்? "இரவு வேலை. ஆண் நோயாளிகளைத் தொட வேண்டும். மாப்பிள்ளை கிடைக்காது." அப்படியானால் நம் மகளுக்குப் பிரசவம் பார்க்க விழித்திருக்க வேண்டியது எவர் வீட்டு மகள்? அவளுக்கு மட்டும் இரவு இல்லையா, மானம் இல்லையா?

ருஃபைதா அல்-அஸ்லமிய்யா (ரலி) அவர்களை நாம் மறந்துவிட்டோம். அகழ்ப்போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் அம்பு தைத்துக் காயமுற்றபோது, அவரை ருஃபைதாவின் கூடாரத்தில் சேர்க்கும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அந்தக் கூடாரம் எங்கே இருந்தது? மஸ்ஜிதுந் நபவியின் வளாகத்தில்! பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு பெண்ணின் மருத்துவக் கூடாரம் நின்ற வரலாறு நம்முடையது. இன்று பள்ளிவாசல் ஜமாஅத்தின் கூட்டத்தில் மருத்துவமனை என்ற சொல்லே எழுவதில்லை.

பின்வந்த ஆட்சியாளர்களும் அந்த வழியை அறிந்திருந்தார்கள். 1154இல் நூருத்தீன் ஸங்கி டமாஸ்கஸில் ஒரு மருத்துவமனை எழுப்பினார். இளம் படைத்தலைவராக அங்கே மருத்துவம் பெற்ற கலாவூன், தாம் ஆட்சிக்கு வந்தால் அதுபோல் ஒன்று கட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்றும், அதன்படி 1284இல் கெய்ரோவில் மன்சூரி மருத்துவமனையை நிறுவினார் என்றும் வரலாறு சொல்கிறது. நம் பேச்சாளர்கள் இந்தப் பெருமையை மேடையில் முழங்குவார்கள். ஆனால் அந்த மருத்துவமனைகளின் உயிர்நாடி எது என்பதைச் சொல்வதில்லை. கட்டடத்தோடு நிற்காமல், கடைகளையும் நிலங்களையும் வக்பு செய்து, அவற்றின் வருமானத்திலிருந்து மருத்துவருக்கும் பணிவிடை செய்வோருக்கும் ஊதியம் நிலையாகச் செல்ல வழி செய்தார்கள். ஆண்டியும் அரசனும், ஆணும் பெண்ணும் அங்கே சேர்க்கப்பட்டார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் அவர்களுக்குத் தெரிந்திருந்தது, ஆளுக்கு வழி செய்யாத கட்டடம் மருத்துவமனை ஆகாது என்று.

ஆகவே பெற்றோர்களே, வழி மூடியில்லை. செவிலியர் பட்டயப் படிப்பு மூன்றாண்டு. பட்டப் படிப்பு நான்காண்டு. 2007 முதல் தமிழக முஸ்லிம்களுக்குக் கல்வியிலும் வேலையிலும் 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த மகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பைத்துல்மாலில் இருந்து ஆண்டுக்கு ஒரு பெண்ணின் விடுதிச் செலவை ஏற்க நம் ஜமாஅத்தால் முடியாதா? மீலாது ஊர்வலத்தின் ஒலிபெருக்கிச் செலவைவிட அது அதிகமா?

என்ன கேட்பது, எங்கே கேட்பது

இது பிச்சை கேட்பதன்று; உரிமை கேட்பது. 1992 ஜூலை 8 அன்று மேற்கு வங்கத்தில் ஹகீம் ஷேக் என்ற விவசாயக் கூலித் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமடைந்தார். ஒரு மருத்துவமனையில் வசதி இல்லை. இன்னொன்றில் படுக்கை இல்லை. கல்கத்தா வரை அலைந்தும் அரசு மருத்துவமனைகள் அவரைச் சேர்க்கவில்லை. இறுதியில் தம் பணத்தில் தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார். அவரும் அவருடைய தொழிலாளர் சங்கமும் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். உரிய நேரத்தில் அவசர மருத்துவம் அளிக்கத் தவறுவது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையை மீறுவதாகும் என்றும், நிதியில்லை என்று கூறி அரசு இந்தக் கடமையிலிருந்து விலக முடியாது என்றும் 1996இல் தீர்ப்பு வந்தது. அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிடப்பட்டது. எழுதப் படிக்க அறிந்த நாம் செய்யாததை, ஒரு கூலித் தொழிலாளி தன் சங்கத்தோடு சேர்ந்து செய்தார்.

நாம் நீதிமன்றம் வரை போகுமுன் செய்யக்கூடியவை பல. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் கீழ், பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு விண்ணப்பம். ஐந்து கேள்விகள் போதும். இம்மருத்துவமனைக்கு அனுமதிக்கப்பட்ட மருத்துவர், செவிலியர் பணியிடங்கள் எத்தனை? இன்று நிரம்பியவை எத்தனை? காலியானவை எந்தத் தேதியிலிருந்து காலி? மாற்றுப் பணியில் வெளியூர் அனுப்பப்பட்டவர் எத்தனை பேர், யாருடைய ஆணையால்? சென்ற மூன்று மாதங்களின் இரவுப் பணிப் பட்டியல் எது? முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நான்காவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். பட்டியலில் ஆள் இருப்பார். நாற்காலியில் இருக்க மாட்டார். அந்த மர்மத்துக்குச் சாவி அங்கேதான் இருக்கிறது.

கிடைத்த பதிலை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். தமிழகத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அங்கே தீர்மானம் நிறைவேற்றி, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மருத்துவமனையில் நோயாளர் நலச் சங்கம் இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இதை முஸ்லிம்களின் கோரிக்கையாகத் தனியே கொண்டு செல்லாதீர்கள். அன்றிரவு வாசலில் கெளுத்தி முள் குத்திய கையோடு நின்றவர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவரல்லர். நம் மூதாட்டியைத் தோணியில் சுமந்தவரும் அல்லர். மீனவ கிராமப் பஞ்சாயத்தார், காலனி மக்கள், தேவாலயத்தார், பள்ளிவாசல் ஜமாஅத் எல்லோரும் ஒரே தாளில் கையொப்பமிட்டுக் கொண்டு சென்றால், அந்தத் தாளை மேசையின் அடியில் தள்ளுவது எளிதன்று. ஒரே தண்ணீரைக் கடக்கிறோம். ஒரே வாசலில் காத்திருக்கிறோம்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு என் பணிவான கோரிக்கை: வருகிற ஜும்ஆவுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். விண்ணப்பத்தை நான் எழுதித் தருகிறேன். கையொப்பமிட ஆட்கள் இருந்தால் போதும்.

அந்தச் செவிலியரை நான் இன்னும் சந்திக்கவில்லை. எந்த ஊரில் எந்த இரவில் யாருடைய ஏச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறாரோ! அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வழிதான் தெரிகிறது. அவர் விட்டுச்சென்ற நாற்காலி நிரம்பும்வரை கேட்டுக்கொண்டே இருப்பது.

யா அல்லாஹ், எங்கள் நோயாளிகளுக்கு ஷிஃபாவைத் தருவாயாக. இரவில் விழித்திருந்து அவர்களைப் பார்ப்போருக்கு அருள்புரிவாயாக. கேட்க வேண்டிய இடத்தில் கேட்கும் துணிவையும், கேட்கக் கூடாதவரிடம் நாவைக் காக்கும் பண்பையும் எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.